எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போக ஆறு மாதம் இருக்கிறது, எங்கே தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வயது 38, சென்னையில் ஐடி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் 10 கிலோமீட்டர் ஓடுகிற பழக்கம் உண்டு. அக்டோபரில் நண்பர்கள் நான்கு பேரோடு நேபாளத்தில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்கத் திட்டம். என்ன பயிற்சி செய்வது, என்னென்ன வாங்குவது, காத்மாண்டுவில் தொடங்கி காத்மாண்டுவில் முடிகிற 11 நாள் பேக்கேஜ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதை எடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுக்காதீர்கள். பயிற்சி, ஷூ, மாத்திரை எல்லாம் அப்புறம். இந்த நடையில் உங்களைக் காப்பாற்றப் போவது நீங்கள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் இரண்டு மூன்று நாள்தான். மலிவான பேக்கேஜ்காரர் முதலில் கை வைப்பதும் அந்த நாட்களில்தான். நான் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

2017 அக்டோபரில் முதல்முறை போனபோது நானும் உங்களை மாதிரிதான், அரை மாரத்தான் எல்லாம் ஓடியிருக்கிறேன், நமக்கென்ன என்ற நினைப்பு. ஏஜென்சி (பெயர் வேண்டாம்) கொடுத்த திட்டத்தில் வழியிலுள்ள நாம்சே என்ற ஊரில் இரண்டு இரவு இருந்தது, அதற்கு மேலே திங்போச்சேயில் ஒரே இரவு. இன்னும் மேலே லொபுச்சே போய்ச் சேர்ந்த சாயங்காலம் பின்மண்டையில் தலைவலி. நூடுல்ஸ் சூப்பை முன்னால் வைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. "களைப்புதான், தூங்கினால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கைடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த டீ ஹவுஸின் (வழியில் தங்கும் விடுதி) பலகைத் தரையில் இருந்த இடுக்கு ஒன்றைக் காட்டி, அந்தக் கோட்டின் மேலேயே ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் கட்டைவிரலில் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சுவரில் போய் மோதினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, என் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே ஃபெரிச்சே வரை இறங்கினோம். அங்கே மருத்துவர் பார்த்தார், மருந்து கொடுத்தார், ஆக்சிஜன் வைத்தார். இரண்டு நாள் கழித்துத் தெளிந்து கீழே நடந்தேன். பேஸ் கேம்ப்பை அந்த முறை பார்க்கவில்லை. எங்கள் குழுவில் புனேயிலிருந்து வந்த ஒரு அம்மா, அறுபதை நெருங்கும் வயது, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை என்று சிரிப்பார். எல்லாருக்கும் கடைசியாகவே நடந்து வந்தவர் அவர்தான், பேஸ் கேம்ப் போய்விட்டு வந்தார்.

இதில் அதிர்ஷ்டமும் உண்டு, உடம்பு வாகும் உண்டு. ஆனால் அடிப்படை விஷயம் இது: உயரத்தால் வரும் நோய்க்கும் உங்கள் ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. நன்றாக ஓடுகிறவருக்கு அது வராது என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. சொல்லப்போனால் கால் பலம் இருப்பவர் வேகமாக ஏறிவிடுகிறார், உடம்பு பழகுவதற்கு முன்பே மேலே போய் நிற்கிறார், மாட்டிக்கொள்கிறார்.

காற்றில் ஆக்சிஜன் பங்கு மெரினாவிலும் 21 சதவீதம்தான், பேஸ் கேம்ப்பிலும் அதேதான். குறைவது காற்றழுத்தம். பேஸ் கேம்ப் இருக்கும் 5,364 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி, ஆக ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதி. இதை உடம்பு முதலில் சமாளிப்பது வேகமாக மூச்சுவிட்டு. அப்படி விடும்போது கார்பன் டைஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது, உடனே மூளை "மூச்சைக் குறை" என்கிறது. இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட்டை வெளியேற்றிச் சமநிலைக்குக் கொண்டுவர சில நாள் ஆகும். அந்த நாட்களில் அடிக்கடி சிறுநீர் போவது நல்ல அறிகுறி, பயப்பட வேண்டாம். ரத்தச் சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், இந்த நடைக்குள் அதை எதிர்பார்க்க முடியாது.

இதனால்தான் மலை மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்கு. பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, தூங்குகிற உயரம்தான் கணக்கு. இதை வைத்து வழக்கமான பாதையைப் பாருங்கள். விமானம் இறங்கும் லுக்லா 2,860 மீட்டர். முதல் இரவு ஃபக்டிங், 2,610, அதாவது இறங்கித்தான் தூங்குகிறோம். மறுநாள் நாம்சே பஜார், 3,440. ஒரே நாளில் 830 மீட்டர், கணக்கை மீறுகிறது, நடுவில் தங்கத் தோதான இடமும் குறைவு, அதனால் அங்கே இரண்டு இரவு. அப்புறம் தெங்போச்சே 3,860. அடுத்து திங்போச்சே 4,410, இங்கே 550 ஏறியாயிற்று, ஆகவே மறுபடி இரண்டு இரவு. பிறகு லொபுச்சே 4,940, கோரக் ஷெப் 5,164. இந்த இரண்டு ஓய்வு நாட்களில் ஒன்றை உருவினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன பலகைத் தரைக் கதையே போதும்.

ஓய்வு நாள் என்றால் போர்வைக்குள் கிடப்பது என்று நினைக்காதீர்கள். காலையில் முன்னூறு நானூறு மீட்டர் மேலே ஏறி, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கீழே வந்து தூங்க வேண்டும். நாம்சேயிலிருந்து எவரெஸ்ட் வியூ ஹோட்டல் பக்கம் எல்லாரும் போவது அதற்குத்தான், அங்கே குடிக்கும் காபி உபரி லாபம்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஒரு விஷயத்தை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். உயரத்துக்கு உடம்பைப் பழக்க தமிழ்நாட்டில் இடமே கிடையாது. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கும் இடமே அதைவிட 200 மீட்டருக்கு மேல் உயரம். ஆகவே கொடைக்கானலில் ஒரு வாரம் தங்கிப் பழகுகிறேன் என்பதெல்லாம் நல்ல விடுமுறை, அவ்வளவுதான். முகத்தில் மாட்டிக்கொண்டு ஓடும் "ஆல்டிட்யூட் மாஸ்க்" மூச்சுத் தசைக்கு வேலை கொடுக்கிறது, காற்றழுத்தத்தைக் குறைப்பதில்லை. காசு மிச்சம்.

இங்கே செய்யக்கூடியது காலையும் முட்டியையும் முதுகையும் தயார் செய்வது. ஓட்டத்தை விட வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதும். மீதியைப் படிக்கட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் அபார்ட்மென்ட் பத்து மாடி என்றால் அதைவிட நல்ல ஜிம் கிடையாது. முதல் மாதம் வெறுங்கையோடு, அடுத்த மாதம் முதுகில் நான்கு கிலோ, ஆகஸ்ட் வாக்கில் ஏழு எட்டு கிலோ. தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள், முட்டி வலித்தால் மேலேயே கொட்டிவிட்டு இறங்கலாம். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தொடை நடுங்குவது திரும்பும் வழியில்தான், ஏனென்றால் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், ஓட்டத்தில் அந்த வேலை அதிகம் இல்லை. லிஃப்ட்டில் ஏறி நடந்து இறங்குங்கள் என்றுகூடச் சொல்வேன், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

மாதம் ஒருமுறையாவது உண்மையான மலை வேண்டும். வெள்ளியங்கிரி மே வரைதான் திறந்திருக்கும், இப்போதே போய்விட்டு வாருங்கள். ஏழு மலை, கையில் மூங்கில் தடி, ராத்திரி ஏறி விடியலில் இறங்கும்போது முட்டி என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம். பர்வதமலை நல்லது, கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு இறங்கி ஏறும் படிகள் நல்லது. கிட்டத்தில் என்றால் திருக்கழுக்குன்றம், ஒரே காலையில் நான்கைந்து முறை ஏறி இறங்கலாம். முக்கியமாக, சனி ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நடந்து பாருங்கள். இந்த நடையில் கஷ்டம் ஒரு நாளின் தூரத்தில் இல்லை, போக வர மொத்தமே சுமார் 130 கிலோமீட்டர்தான். நேற்றைய வலியோடு இன்றைக்கு மறுபடி ஷூவை மாட்ட வேண்டும், அதுவும் 11, 12 நாள் தொடர்ந்து. அதைப் பழக்குவதுதான் பயிற்சி.

இன்னொன்று பழக வேண்டும், உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும்: மெதுவாக நடப்பது. நேபாளிகள் "பிஸ்தாரி, பிஸ்தாரி" என்பார்கள், மெல்ல மெல்ல என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் வேகத்தின் அளவு. வாய் திறந்து மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நாம்சேக்கு முன்னால் ஹிலாரி பாலம் என்று ஒரு தொங்குபாலம் வரும், அதைத் தாண்டியதும் சுமார் 600 மீட்டர் ஒரே ஏற்றம். அங்கே வீராப்பு காட்டுகிறவர்களை அன்று மாலை நாம்சேயில் தலையைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம்.

டாக்டரைப் பார்க்க அடுத்த மாதமே போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி பார்த்துக்கொள்ளுங்கள், நான்கு நண்பர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பல் டாக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள், கீழே சும்மா இருந்த சொத்தைப் பல் 4,000 மீட்டரில் எழுந்து உட்காரும். டைமாக்ஸ் என்ற உயரநோய்த் தடுப்பு மாத்திரை பற்றியும் முதலில் சொன்ன டாக்டரிடம் பேசுங்கள். அசெட்டசோலமைடு என்பது அதன் மருந்துப் பெயர், மேலே சொன்ன அந்தச் சிறுநீரக வேலையைத்தான் அது வேகப்படுத்துகிறது. தடுப்புக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இதையெல்லாம் மலையில் முதல்முறை அனுபவித்துப் பயப்படாமல் இருக்க, டாக்டர் சரி என்றால் வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். ஆனால் இது ஓய்வு நாளுக்கு மாற்று கிடையாது. மாத்திரை போட்டிருக்கிறோமே என்று ஒரு நாளைத் தாண்டிப் போவதற்கு மாத்திரையே இல்லாமல் போகலாம்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? தலைவலி, கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அது உயரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேறு காரணம் தேடாதீர்கள். அன்றைக்கு மேலே போகக்கூடாது, இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, அர்த்தமில்லாமல் கோபப்படுகிறார் என்றால் மூளையில் நீர் கோக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் நுரையீரலில் நீர். இந்த இரண்டும் ஆளைக் கொல்லும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த ராத்திரியே இறங்க வேண்டும், தனியாக அனுப்பக்கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்குங்கள், ஆனால் அதற்கு அடிமையாகாதீர்கள். கோரக் ஷெப்பில் நல்லபடி இருப்பவருக்கே 80 சதவீதத்தை ஒட்டிக் காட்டும், சென்னையில் அந்த எண்ணைப் பார்த்தால் ஆம்புலன்ஸ் கூப்பிடுவோம். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதுதான் முக்கியம்.

ஃபெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ முகாம் 1973 முதல் இருக்கிறது, சீசனில் மருத்துவர்கள் இருப்பார்கள், மதிய வாக்கில் உயரநோய் பற்றி ஒரு வகுப்பும் நடக்கும். திங்போச்சேயில் ஓய்வு நாள் அன்று ஒரு சின்ன மேட்டைத் தாண்டிப் போய் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், நான் எழுதியதைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

ராத்திரியில் ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மூச்சு வேகமாகப் போய், மெல்லக் குறைந்து, பத்து வினாடி ஒன்றுமே கேட்காது. அப்புறம் பெரிதாக ஒரு இழுப்பு. முதல்முறை கேட்டபோது எழுந்து ஆளை உலுக்கிவிட்டேன், அவர் என்னைத் திட்டினார். அந்த உயரத்தில் தூக்கத்தில் அப்படி விட்டு விட்டு மூச்சு வருவது சகஜம். தூக்க மாத்திரை, மது இரண்டும் மூச்சை இன்னும் மந்தமாக்கும், இறங்கி வரும்வரை வேண்டாம்.

இனி பொருட்கள். ஷூ ஒன்றை மட்டும் இந்த மாதமே வாங்கிவிடுங்கள், மீதிக்கு அவசரமில்லை. கணுக்கால் மூடிய பூட், தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, வழக்கமான அளவைவிட அரை அளவாவது பெரிதாக. கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது. இடித்தால் லுக்லா திரும்புவதற்குள் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். ஆறு மாதமும் படிக்கட்டுப் பயிற்சியை அதே ஷூவில் செய்யுங்கள். விமானத்தில் வரும்போதும் அதையே காலில் போட்டுக்கொண்டு வாருங்கள், பை தொலைந்தாலும் மற்றதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், பழகிய ஷூ கிடைக்காது.

ஸ்லீப்பிங் பேக், கனமான டவுன் ஜாக்கெட் இரண்டையும் காத்மாண்டு தமேலில் வாடகைக்கு எடுங்கள். சென்னைக்காரருக்கு மறுபடி அது எப்போது தேவைப்படப் போகிறது? ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 10 டிகிரியாவது தாங்குவதாக இருக்கட்டும், எடுக்கும்போது ஜிப்பை மேலும் கீழும் நாலு தடவை இழுத்துப் பாருங்கள். உடைக்குக் கணக்கு அடுக்கடுக்காக: உடம்போடு ஒட்டி வியர்வையை வெளியே தள்ளும் துணி, அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். நடக்கும்போது ஒன்றொன்றாகக் கழற்றுவீர்கள், நின்றதும் ஒன்றொன்றாக மாட்டுவீர்கள். காட்டன் பனியன் வேண்டாம், அது வியர்வையைக் குடித்துவிட்டு விடாது, பத்து நிமிடத்தில் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிடும். நல்ல கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன், மூக்கையும் வாயையும் மூடும் பஃப் ஒன்று. அந்த வறண்ட குளிர்காற்றை நேராக இழுத்து இழுத்து வரும் இருமலுக்கு, இந்தப் பகுதியின் பெயரை வைத்து, கும்பு இருமல் என்றே பெயர் இருக்கிறது. இரண்டு நடைத்தடி கட்டாயம். குழாய் வைத்த தண்ணீர்ப் பை லொபுச்சேக்கு மேல் உறைந்துவிடும், அகல வாய் பாட்டில்தான் உதவும். ராத்திரி அதில் வெந்நீர் நிரப்பி ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் போட்டுக்கொண்டால் அது ஹீட்டர், காலையில் குடிநீர். போனும் பவர் பேங்கும் கூட உள்ளேயே தூங்கட்டும், குளிரில் சார்ஜ் கரைந்துவிடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்த நண்பர் ஒருவர் நாம்சேயிலிருந்தே அதைக் கரண்டியால் தோண்டிக்கொண்டிருந்தார்.

எடை முக்கியம். லுக்லா விமானத்தில் பெரும்பாலும் பெட்டி 10 கிலோ, கைப்பை 5 கிலோதான். போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள், இருவருக்கு ஒருவர் என்பது வழக்கம். அவர் தலையில் மொத்தம் 30 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கிளம்பும் அன்று அவருடைய ஷூவையும் ஜாக்கெட்டையும் ஒரு பார்வை பாருங்கள். அவருக்கும் தலை வலிக்கும், வேலை போய்விடும் என்று சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சாப்பாடு நமக்கு ஒரு கஷ்டமே இல்லை. தால் பாத் என்றால் பருப்பு, சோறு, ஒரு காய்கறி, கேட்கக் கேட்கப் போடுவார்கள். ஆனால் 4,000 மீட்டருக்கு மேல் பசி செத்துவிடும், அங்கேதான் ஊரிலிருந்து கொண்டுபோன தக்காளித் தொக்கும் பருப்புப்பொடியும் வேலை செய்யும். இரண்டாவது முறை போனபோது புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பா எடுத்துப்போனேன். திங்போச்சேயில் சோற்றில் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்து அடுத்த மேசைக் கொரியாக்காரர் ஒரு கரண்டி வாங்கிப்போனார். கடலை மிட்டாய் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். நாம்சேக்கு மேல் மாமிசம் தவிர்ப்பது நல்லது. கும்புப் பகுதியில் விலங்குகளை அறுப்பதில்லை, கறியெல்லாம் கீழேயிருந்து நாள்கணக்கில் சுமந்து வருவது. கோரக் ஷெப்பில் தண்ணீர் ஏறத்தாழ 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பிரஷர் குக்கர் இல்லாமல் சோறு சரியாக வேகாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர், சூப், இஞ்சி எலுமிச்சை டீ என்று எதையாவது குடித்துக்கொண்டே இருங்கள். ஆனால் நிறையத் தண்ணீர் குடித்தால் உயரநோய் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அக்டோபரில் கூட்டம் அதிகம் என்பதால் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாது. நாலைந்து மணி நேரம் ரோட்டில் போய் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியில் ஏற வேண்டும், அதற்கு நள்ளிரவு தாண்டியதும் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவாக, ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். மேகம் இறங்கினால் அன்றைக்கு விமானம் இல்லை. ஆகவே திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விடுங்கள். ஓய்வு நாள் இரண்டு, இந்த நாள் இரண்டு, ஊரிலிருந்து போக வர என்று கூட்டினால் 16 நாள் லீவு வேண்டும். மேனேஜரிடம் இப்போதே பேசிவிடுங்கள். கிடைக்கவே கிடைக்காது என்றால் வேறு நடை தேர்ந்தெடுங்கள், நாளைச் சுருக்கிக்கொண்டு இதே இடத்துக்குப் போக வேண்டாம்.

காகிதங்கள்: இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை, ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், உங்கள் வயதுக்காரர்களுக்கு ஆதார் செல்லாது. ஏர்போர்ட் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுக்கட்டணம் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் குறைவு, பேக்கேஜில் எந்த விலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், அது நிலையான கணக்கு. நாம்சேயைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்பாதீர்கள். மேலே போகப் போக வெந்நீர்க் குளியல், சார்ஜ், வைஃபை எல்லாவற்றுக்கும் தனிக் காசு, விலையும் கூடவே மலையேறும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மீட்டர் வரை மலையேற்றத்துக்குச் செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. சாதாரண வெளிநாட்டுப் பயணப் பாலிசிகளில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. ஹெலிகாப்டருக்குக் கைக்காசு என்றால் லட்சக்கணக்கில் போகும். அதே சமயம் லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரில் ஏற்றிக் கமிஷன் பார்க்கும் மோசடியும் அங்கே நடந்திருக்கிறது, 2018இல் நேபாள அரசே அதை விசாரித்தது. நடக்க முடிகிறவருக்கு முதல் மருந்து இறக்கம்தான்.

பாதையில் யாக், ஜோப்க்யோ (யாக்கும் மாடும் கலந்த இனம்) கூட்டம் மூட்டையோடு வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். மந்திரம் செதுக்கிய மணிக் கற்சுவர்கள் வந்தால் அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி சுற்றிப் போக வேண்டும், நம் கோயில் பிரதட்சிணம் மாதிரியேதான்.

எதிர்பார்ப்பு பற்றி ஒன்று. பேஸ் கேம்ப்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது, முன்னால் இருக்கும் மலை மறைத்துவிடும். அக்டோபரில் அங்கே கூடாரங்களும் அநேகமாக இருக்காது, ஏறுகிறவர்கள் வருவது வசந்த காலத்தில். கல்லும் பனியும், நிறையப் பேர் வரிசையில் நின்று போட்டோ எடுக்கும் ஒரு பாறையும்தான். உச்சியைப் பார்க்க வேண்டுமானால் காலா பத்தர் என்ற குன்று, 5,545 மீட்டர், விடியலுக்கு முன் மைனஸ் 15இல் ஏற வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் தெம்பு மிச்சம் என்றால் நான் காலா பத்தரைச் சொல்வேன். 2019இல் நான் போனபோது இரண்டும் முடிந்தது, நினைவில் நிற்பது அதுதான்.

கடைசியாக, நீங்கள் ஐந்து பேர் என்பதுதான் எனக்குக் கவலை. தனியாகப் போகிறவன் தலைவலித்தால் நின்றுவிடுவான். ஐந்து நண்பர்களில் ஒருவனுக்குத் தலை வலித்தால், என்னால் எல்லாருக்கும் கெட்டுவிடக் கூடாதே என்று மறைப்பான், 2017இல் நான் செய்தது அதைத்தான், மதியமே வலி தொடங்கிவிட்டது. கிளம்பும் முன் ஒரு நாள் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். தினமும் இரவு சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரும் தலை எப்படி, வயிறு எப்படி, தூக்கம் எப்படி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாராவது இறங்க வேண்டியிருந்தால் கூட இறங்கப் போவது யார் என்று இங்கேயே பெயரோடு முடிவு செய்யுங்கள். கைடு "இறங்கு" என்றால் பேச்சே கிடையாது, கட்டிய பணம் எவ்வளவு என்ற பேச்சும் கிடையாது. கைடு இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் இறங்கினாலும் மற்றவர்களுக்கு ஆள் இருக்கும். பேக்கேஜ்காரருக்கு போன் செய்யும்போது இதையும் கேளுங்கள், திங்போச்சேயில் எத்தனை இரவு என்றும் கேளுங்கள். ஒன்று என்று சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த நம்பரைப் போடுங்கள்.